பேனரில் ஓடிய ஆறு

‘ஆற்றுப்படுத்தல்’ என்பது சரியான சொல். அன்றும் இன்றும் எனக்கு அதில் ஐயமில்லை. ஒரு மகளிர் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேரைப் பார்க்காமல் ஒரு சொல்லைப் பொதுமக்கள் முன் வைக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் அந்தச் சொல்லால் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சனிக்கிழமை காலை நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்கள் வரைக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். எழுத உட்கார்ந்ததும் அன்றைய பரபரப்பு மறுபடி கைவிரலுக்கு வந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை.

தொடக்கம் ஒரு கையேடு. முடிச்சூர் போகும் பக்கமாக உள்ள ஓர் அரசுப் பள்ளியில், மாணவர் மனநலம் குறித்து ஆசிரியர்களுக்கும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி நடத்த ஏற்பாடாகியிருந்தது. நடத்த வந்தவர் ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வரும் இளம்பெண். உளவியலில் முதுகலை முடித்து, பள்ளிப் பிள்ளைகளோடு பேசும் ஆலோசகராக இருப்பவர். கையேட்டின் தமிழைப் பார்த்துத் தர ஆள் தேடியபோது யாரோ என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ‘நீங்கள் எவ்வாறு உணர்கிறீர்கள் என்று வினவவும்’ என்று அச்சாகியிருந்தது.

“தாம்பரத்துல யாரும்மா யாரைப் பார்த்து இப்படிக் கேப்பாங்க?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான் மேடம் இருக்கு. அதை அப்படியே போட்டுட்டோம்.”

“இங்கிலீஷ்ல இருக்கட்டும். நமக்கு ‘மனசுக்கு எப்படி இருக்கு’ன்னு ஒரு கேள்வி இருக்கே. அதுக்கு என்ன குறைச்சல்?”

அவர் அந்த வாக்கியத்தை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, “இதைக் கேட்டா எனக்கே ஏதாவது சொல்லணும்போல இருக்கு மேடம்,” என்றார். மற்ற பக்கங்களையும் திருத்திக் கொடுத்தேன். தாள் முழுக்கச் சிவப்பு மை. வாங்கிக்கொண்டு போகும்போது, பயிற்சிக்கு நீங்களும் வர வேண்டும் என்றார். பார்வையாளராக வந்து அமர்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பயிற்சி பெறுபவளாக அல்ல. அதை அன்றே தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமைதோறும் பயிற்சி நடந்த இடம் பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறை. ரப்பர் பந்துகளின் வாடையும் சுண்ணாம்புப் பொடியும் நிறைந்த அறை. பிள்ளைகளோடு தனியாகப் பேச ஓர் அறை வேண்டும் என்று ஆலோசகர் கேட்டதற்குத் தலைமையாசிரியை சோதனையாக விட்டுக்கொடுத்தது அதுதான். அதனால் முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். வாசற்படியை அடைக்கும் உடம்பு. கழுத்தில் எப்போதும் ஒரு விசில்.

“நீங்க மனசப் பாத்துக்குங்க, நல்லது. எம் பாலுங்கள யாரு பாத்துக்கறது?” என்று ஆலோசகரிடம் கேட்டார்.

“சார், உங்களுக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். ஒருத்தர் கஷ்டத்தைச் சொல்லும்போது கேக்கறவங்க கேக்க மட்டும்தான் செய்யணும். அறிவுரை சொல்ல ஆரம்பிச்சா விசில் அடிங்க.”

“இதுக்காகவே பொறந்தவன்மா நான்.”

அறையில் ஆள் குறைவாக இருந்ததால் பார்வையாளர் என்ற நிலை அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை. என்னையும் ஒரு கணக்காசிரியையோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள். அவர் தமக்குச் சில மாதங்களாக உறக்கம் வருவதில்லை என்று தொடங்கினார். எனக்கு உறக்கத்தைப் பற்றிப் பல செய்திகள் தெரியும்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, படுக்கறதுக்கு முன்னாடி...”

விசில் அலறியது.

“நான் சொல்ல வந்ததை முழுசா...”

மறுபடி விசில்.

“மேடம், இன்னொரு தபா பண்ணீங்கன்னா ரெட் கார்டுதான். வெளிய நிக்க வச்சிருவேன்,” என்றார் உடற்கல்வி ஆசிரியர். அறை சிரித்தது. பல்கலைக்கழக மேடைகளில் குறிப்புத்தாள் இல்லாமல் பேசியிருக்கிறேன். என் பேச்சுக்கு யாரும் விசில் அடித்ததில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கணக்காசிரியை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு உறக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறொன்றைப் பேசினார். அது அவருடையது, இங்கே எழுதமாட்டேன். ஆனால் பேசி முடித்ததும் அவர் முகம் மழைக்குப் பிந்திய கண்ணாடிச் சன்னல்போல் இருந்தது. நான் செய்தது சும்மா இருந்தது மட்டும். அன்று தாம்பரம் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறிக் கிழக்கே இறங்கும்போது முழங்கால் வலி நினைவுக்கே வரவில்லை. புதிதாக ஒரு மொழியின் முதல் எழுத்தைக் கற்றுக்கொண்டு வருகிற சிறுமியின் வேகம் என் நடையில் இருந்தது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் வலியப் பேச்சுக் கொடுத்து, அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தேன். நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த வாரங்களில் அந்தச் சனிக்கிழமைகளுக்காகவே காத்திருந்தேன்.

அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. படிப்பில் கெட்டி. ஆனால் ஐப்பசி பிறந்ததிலிருந்து பல நாள் புத்தகமே இல்லாமல் வருகிறாள். பை மட்டும் புடைத்திருக்கிறது. திறந்து காட்டச் சொன்னால் மாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொள்கிறாள். ஆசிரியர்கள் திமிர் என்றார்கள். உடற்கல்வி ஆசிரியர் அவளைக் காலையில் கொடிக்கம்பத்தருகே நிற்க வைத்தார். ஆலோசகர் அவளிடம் பேச விரும்பினார்; தாயின் சம்மதம் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். தாய் பள்ளி வாசல் வரை வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமலே பதில் சொல்லிவிட்டுப் போனார்.

“எம் பொண்ணு இன்னா மெண்டலா? அந்த ரூமுக்குள்ள போனான்னு நாலு பேரு பாத்தா நாளைக்கு அவள யாரு கட்டுவான்? எனக்கு அந்தப் பேச்சே வாணாம்.”

தலைமையாசிரியை கெட்டவரல்லர், எச்சரிக்கையானவர். இப்படி இன்னும் இரண்டு தாய்மார் வந்து நின்றால் மேலிடத்தில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு பெற்றோர் கூட்டம் போடுங்கள். மண்டபம் நிறையப் பெற்றோர் வந்து, இது வேண்டும் என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். சொன்னால் அறை நிலையாக உங்களுக்கு. இல்லையென்றால் பந்துகள் திரும்பி வரும், நீங்கள் வேறு பள்ளி பாருங்கள்.

ஆலோசகர் அன்று மாலை ரயிலுக்குக்கூடப் போகாமல் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார். “அறை போனா அந்தப் பொண்ணுகிட்ட இனிமே யாரு மேடம் பேசுவா?” என்று கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு தாயின் சம்மதம். அதற்கு முதலில் அந்தத் தாய் கூட்டத்துக்கு வர வேண்டும்.

“பேனர்ல ‘மனநலம்’னு போட்டா ஒரு ஈ காக்கா வராது,” என்றார் உடற்கல்வி ஆசிரியர். “போன வருசம் ஒண்ணு போட்டாங்க. டீ போட்டவரும் நானும்தான் கேட்டோம். டீ நல்லா இருந்துது.”

நான் முன்வந்தேன். அந்தச் சொல்லை விடுவோம், ‘ஆற்றுப்படுத்தல்’ என்று போடுவோம் என்றேன். அரசே ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்றுதான் எழுதுகிறது. ஆறு என்றால் வழி. வழி காட்டுவது ஆற்றுப்படுத்துவது. புண்ணை ஆற்றுவதும் சூட்டை ஆற்றுவதும் அதற்குள் கேட்கின்றன. எந்தத் தாயும் கூச்சப்பட அதில் எதுவுமில்லை. ஆலோசகருக்குப் பிடித்தது. ‘மாணவர் ஆற்றுப்படுத்தல் - பெற்றோர் கூட்டம் - முடிச்சூர்ப் பகுதிப் பெற்றோர் அனைவரும் வருக’ என்று என் கையாலேயே எழுதி, முடிச்சூர் சாலையில் உள்ள ஒரு பிளக்ஸ் கடைக்குக் கொடுத்தனுப்பினேன். ஒற்றெழுத்துகளை வட்டமிட்டுக் காட்டியிருந்தேன், அவற்றை விழுங்கிவிடுவார்கள் என்பதால்.

ஒற்றை விழுங்கவில்லை. வேறொன்று செய்தார்கள்.

சனிக்கிழமை காலை ஆட்டோவை விட்டு இறங்கும்போதே வாசலில் கூட்டம். இரு சக்கர வண்டிகள் சாலை வரை நின்றன. உள்ளே நாற்காலிகள் நிரம்பி, பக்கத்து வகுப்புகளிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு நல்ல தமிழ்ச்சொல் இத்தனை பேரை இழுத்து வரும் என்று நான்கூட எதிர்பார்க்கவில்லை. ஆலோசகர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “மேடம், அந்தம்மாவும் வந்திருக்காங்க. மூணாவது வரிசை.”

பிறகுதான் பேனரைப் பார்த்தேன். நாலு நாள் முடிச்சூர் சாலையில் தொங்கியதை அன்று காலை அவிழ்த்து மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள்.

கடைக்காரர் இடம் போதாமல் சொல்லை இரண்டாக உடைத்திருந்தார். மேலே ‘ஆற்றுப்’ என்று முழ உயரச் சிவப்பு எழுத்து. கீழே சிறியதாகப் ‘படுத்தல்’. ‘மாணவர்’ ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. எழுத்துகளுக்குப் பின்னால் அழகுக்காக ஒரு படம்: மலையிலிருந்து நுரைத்துக்கொண்டு இறங்கி, பேனரின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஓடும் நீலநிற ஆறு.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, “அளக்கறவங்க எப்ப சார் வருவாங்க?” என்று கேட்டார்.

“எதை அளக்கறவங்க?” என்றார் உடற்கல்வி ஆசிரியர்.

“ஆத்தத்தான். ஆத்துப் படுகைன்னு ரோட்ல போட்டுக்கீதே. அங்க கீற வூட்டயெல்லாம் அளக்கப் போறாங்களாமே.”

அப்போதுதான் கவனித்தேன். பாதிப் பேர் மடியில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பட்டா, வீட்டு வரி ரசீது. அடையாறு நிரம்பினால் முதலில் நனைகிற தெருக்கள் அவர்களுடையவை. ஆற்றைப் பற்றி ஏதோ கூட்டம் என்றதும், வீடு போய்விடுமோ என்று வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

ஆலோசகர் ஒலிபெருக்கியை எடுத்து உண்மையைச் சொன்னார். இது பிள்ளைகளின் மனநலம் பற்றிய கூட்டம் என்றதும் நாற்காலிகள் ஒன்றாக நகர்ந்தன.

“லீவு போட்டுட்டு வந்துக்கீறோம்.”

“பேஜார்ப்பா. எவன் எழுதுனான் இந்த போர்ட?”

“ஆத்தப் படமா போட்டுட்டு மனசுன்றான்.”

மூன்றாவது வரிசையில் அந்தத் தாயும் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். தலைமையாசிரியை கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதியது நான். என் எழுத்துக்கு நான்தான் நிற்க வேண்டும். மேடையேறி ஒலிபெருக்கியை வாங்கினேன். “நான்தான் எழுதினேன். உட்காருங்கள். ஆற்றுப்படுத்தல் என்பது என்ன சொல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு என்றால்...”

சிறிய விசில் ஒலி. பயிற்சியில் அடித்ததுபோல் அலறவில்லை. எனக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோல் மேடையின் ஓரத்திலிருந்து வந்தது. உடற்கல்வி ஆசிரியர் என்னைப் பார்க்காமல் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தினேன். பேனரில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று திசை திரும்பியது. இவர்கள் எதற்காக வந்தார்களோ அதைத்தான் நாம் கேட்க வேண்டும். இவர்கள் தவறான கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கேட்டேன்.

“அம்மா, ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்லிட்டுப் போங்க. மழை வந்தா உங்க வீட்டுல மனசுக்கு எப்படி இருக்கும்?”

அவர் பையைக் கழற்றவில்லை. “மழ வந்தா இன்னா இருக்கும்? பயமாத்தான் இருக்கும். இதப் போயி கேக்கறீங்க?”

ஒலிபெருக்கியை இறக்கினேன். விசில் தேவைப்படவில்லை.

“எனக்குன்னு இல்ல டீச்சரம்மா. எம் பொண்ணுக்கு. மேகம் கறுத்துச்சுன்னா போதும், தூங்கமாட்டா. சன்னலாண்ட உக்காந்துகினு ஆத்துப் பக்கமே பாத்துகினு இருப்பா. அவளுக்கு வெவரம் தெரியறதுக்கு முன்னாடி ஒரு தபா தண்ணி வந்துச்சு. எல்லாரையும் மாடில ஏத்திட்டோம், அவ தம்பிய மட்டும் கடைசியாத்தான் தூக்கனோம். அவ பாத்துகினே இருந்தா. இப்ப மழக்காலம் வந்தா புக்க எடுத்து பரண்ல போட்டுடறா. பைக்குள்ள தம்பி சட்ட, டார்ச்சு லைட்டு, அவுங்கப்பா மாத்தர, பிஸ்கோத்து. எங்க போனாலும் தூக்கிகினு போறா. ஸ்கூலுக்குந்தான். இங்க இருந்து அப்டியே ஓடி வந்து தம்பியத் தூக்கிகினு போவாளாம். நான் திட்டிப் பாத்துட்டேன், அடிச்சும் பாத்துட்டேன்.”

உடற்கல்வி ஆசிரியர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கொடிக்கம்பம் சன்னல் வழியே தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நின்றுகொண்டிருந்த ஆண்களில் ஒருவர், “எங்க வூட்லயும் அதே கததான். சின்னவன் மழ பேஞ்சா படுக்கையிலயே போயிடறான். ஏழாவது படிக்கறான்,” என்றார். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு பெண், “எம் புருசன் மழ வந்தா ராத்திரி பூரா தண்ணி மோட்டார சுத்திச் சுத்தி வராரு. புள்ளைங்களவிட அவரத்தான் கூட்டியாரணும்,” என்றதற்குச் சிரித்தார்கள். அவர் கணவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். “ஆமா, மோட்டார் ரெண்டு தபா முழுகிப் போயிடுச்சு இல்ல,” என்றார் அவர், தம் தரப்பை விளக்குபவர்போல. போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பட்டா உறைகள் நாற்காலிக்கடியில் போயின. ஆலோசகர் ஒலிபெருக்கியைத் தொடவேயில்லை. மேடையைவிட்டு இறங்கி வரிசைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் போய் அமர்ந்தார். பேச்சு மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் போயிற்று. இத்தனை பேரும் ஒரே பயத்தைத் தனித்தனி வீடுகளில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் ஓசையை நான் கேட்டேன் என்று சொன்னால் அது அலங்காரமல்ல.

கடைசியில் ஆலோசகர் அந்தத் தாயிடம் கேட்டார். “உங்க பொண்ணுகிட்ட நான் பேசட்டுமா அக்கா?”

அவர் பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். “பேசுங்க. ஆனா நான் வெளிய வராண்டால உக்காந்துகினு இருப்பேன். கதவுல ‘மனநலம்’னு போர்டு போடக் கூடாது.”

“வேற என்ன போடலாம்?”

“இதையே போடுங்க. ஆத்து ரூம். ஆத்தப் பத்திப் பேசப் போறான்னா இந்த ஊருல எவன் இன்னா சொல்லப் போறான்? எல்லாருக்கும் இருக்கறதுதான.”

தலைமையாசிரியை கதவருகிலிருந்து, “இது வேணும்னு நினைக்கறவங்க கை தூக்குங்க,” என்றார். தூக்கினார்கள். மோட்டார்க்காரரும் தூக்கினார். “பால் எல்லாம் மாடிப்படிக்குக் கீழ வச்சிக்கறேன் மேடம்,” என்று உடற்கல்வி ஆசிரியர் யாரும் கேட்காமலே தலைமையாசிரியையிடம் சொன்னார். ஆலோசகர் என்னைக் கட்டிக்கொண்டார். பொது இடத்தில் யாரையும் கட்டிக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை; அன்று விலக்கவில்லை.

போர்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ‘ஆத்து ரூம்’ என்று ஒரு பள்ளிக் கதவில் எழுத என் உயிருள்ளவரை சம்மதிக்கமாட்டேன் என்றேன். ‘ஆற்று அறை’ என்று எழுதலாம். ஆற்றின் அறை, ஆற்றும் அறை. இரண்டும் இலக்கணப்படி நிற்கும். உடற்கல்வி ஆசிரியர் பழைய பேனரிலிருந்து ‘ஆற்றுப்’ என்ற பகுதியை நீல ஆற்றோடு சேர்த்து வெட்டி, கடைசி ஒற்றான ‘ப்’பை மட்டும் என் சொல்படி கத்தரித்துவிட்டு, பலகையில் ஆணியடித்து மாட்டினார். ‘அறை’யை அவரே பெயிண்டால் எழுதினார். றகரம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் ஆத்து ரூம் என்றுதான் சொல்கிறார்கள். பேச்சுக்கு நான் பொறுப்பல்ல.

இப்போது வாரம் ஒருநாள் நானும் அந்த அறைக்குப் போகிறேன், பயிற்சி முடித்த தன்னார்வலராக. அந்த மாணவியும் ஆலோசகரும் என்ன பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தாய் சில வாரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்த வேறு தாய்மாரோடு பேசுவதற்காகவே வந்துகொண்டிருந்தார்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை வானம் கறுத்துத் தூறல் விழுந்தது. குடையை மடக்கிக்கொண்டு நான் பள்ளி வாசலில் நுழைந்தபோது அவளும் வந்தாள். பை புடைத்துத்தான் இருந்தது. உடற்கல்வி ஆசிரியர் வாசலில் நின்றிருந்தார். கொடிக்கம்பத்தைக் காட்டப்போகிறாரோ என்று நடையை எட்டிப் போட்டேன். அவர் குனிந்து, அந்தப் பெரிய உடம்புக்குள்ளிருந்து எடுக்கக்கூடிய மிகச் சிறிய குரலில், “மனசுக்கு எப்படிம்மா கீது?” என்று கேட்டார்.

“கொஞ்சம் பயமா இருக்கு சார். பரவால்ல.” அவளாகவே பையின் ஜிப்பைத் திறந்து காட்டினாள். தம்பியின் சட்டை இருந்தது. டார்ச் லைட்டும் மாத்திரையும் இருந்தன. அவற்றுக்கு நடுவில் இடம் பண்ணி, நனையாமல் பாலித்தீனில் சுற்றி, ஒரே ஒரு பாடப்புத்தகம்.

தமிழ்ப் புத்தகம். நான் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.